பிளேன்ரீயும் போத்தலும்: யாழ்ப்பாணத் தேத்தண்ணிக் கடைகளில் யார் எங்கே இருந்தார்கள்?

எங்கட செற்றில் சாப்பாட்டுக் கதை இல்லாமல் ஒரு நாளும் போறதில்லை. எந்தக் கடைக் கொத்துக்குக் குழம்பு தனியாகக் கேட்டு வாங்க வேணும், ரோல்ஸ் எத்தனை மணிக்குப் போனால் சூடாக இருக்கும், எந்தச் சைவக்கடையில் இரண்டாம் தரமும் முகம் சுளிக்காமல் சாம்பார் ஊத்துவினம், மாதக் கடைசியில் 300 ரூபாயோட எங்கே போகலாம் என்று ஆளுக்காள் தகவல் பரிமாறிக்கொண்டே இருப்போம். புதுக்கடை திறந்தால் முதல் கிழமையே நாலைந்து பேர் போய் இருந்து, படம் எடுத்து, நல்லது கெட்டதைச் சொல்லிவிடுவோம்.

இதே யாழ்ப்பாணத்தில் எங்கட அம்மப்பா, அப்பப்பா காலத்தில் இளந்தாரிகள் கடைகளைப் பற்றிப் பரிமாறிய தகவல் வேறு விதமானது. எந்தக் கடையில் உள்ளே விடுவான்? எந்தக் கடையில் வாசலில் நிற்க வேணும்? எந்தக் கடையில் கிளாஸில் தருவான், எந்தக் கடையில் போத்தலில் தருவான்? ஒரு சாராருக்கு இதைத் தெரிந்து வைத்திருக்காமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வருவதே கஷ்டம். இன்னொரு சாராருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. இந்தக் கட்டுரை அந்த முதலாவது சாராரைப் பற்றியது.

முதலில் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேணும், ஏனென்றால் விஷயம் முழுக்கப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் வந்த ஆளுக்குக் குடிக்கக் கொடுப்பது மூக்குப்பேணியில். பித்தளைப் பேணி, பக்கத்தில் ஒரு மூக்கு. அண்ணாந்து வாய்க்குள் ஊத்தலாம், சொண்டு படாது. ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் படக்கூடாது என்ற ஆசாரத்துக்காகவே செய்த மாதிரியான பாத்திரம். இவ்வளவு கவனமாகச் செய்த பேணியும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. வேலைக்கு வந்தவர், வேலி அடைக்க வந்தவர், உடுப்பு எடுக்க வந்தவர், மரம் ஏற வந்தவர் ஆகியோருக்குச் சிரட்டை. அதுவும் முற்றத்தில் அல்லது கோடிப்பக்கத்தில். குடித்த பிறகு சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறதும் குடித்தவர்தான்.

இண்டைக்கு மூக்குப்பேணி பாரம்பரிய உணவகங்களில் அலங்காரப் பொருள். மேசையில் வைத்துப் படம் எடுக்கிறோம், நாங்களும் எடுத்திருக்கிறோம். பக்கத்தில் சிரட்டையையும் வைத்தால்தான் அந்தப் படம் முழுமையாகும் என்பது எங்கட அபிப்பிராயம்.

பனையோலையில் கோலுகிற பிளாவின் கதை கொஞ்சம் வேறு. கூழும் கள்ளும் பிளாவில்தான் குடிப்பார்கள். குடித்து முடிய எறிந்துவிடலாம், அதனால் யாருடைய வாய் பட்டது என்ற கேள்வி வராது. கள்ளு இறக்கியவர் கையால் கள்ளு வாங்கிக் குடித்த அதே ஆக்கள்தான், அவர் தங்கட வீட்டுப் படலைக்குள் வந்தால் சிரட்டையைத் தேடினார்கள். கள்ளுக்கு இல்லாத தீட்டு தண்ணீருக்கு இருந்தது. இதில் தர்க்கம் தேடிப் பிரயோசனம் இல்லை.

இனித் தேத்தண்ணிக்கு வருவோம். இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிரானது 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பிறகு. அதைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். ஆனால் தேயிலை கனகாலம் ஏற்றுமதிச் சாமான்தான். உள்ளூர்ச் சனம் பரவலாகத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். 1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்தது, பிறகு பஸ் வந்தது, சந்திகள் பெருத்தன, சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை வந்தது. வாங்கில் இருந்து பேப்பர் வாசிக்கலாம், அரசியல் கதைக்கலாம், பஸ்ஸுக்குக் காவல் இருக்கலாம், வேலைக்கு ஆள் பிடிக்கலாம், கலியாணம் பேசலாம். ஊரில் நாலு பேர் கூடிக் கதைக்க இருந்த இடங்கள் அதுவரை கோயில் வீதியும் வாசிகசாலையும்தான். தேத்தண்ணிக் கடை காசு இருந்தால் போதும் என்று சொன்ன முதல் இடமாக இருந்திருக்க வேண்டியது.

அப்படி இருக்கவில்லை. 'பஞ்சமர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்ட ஐந்து சாதிகளைச் சேர்ந்தவர்களுக்கு வாங்கு இல்லை. வெளியில் நிற்க வேணும், அல்லது நிலத்தில் இருக்க வேணும். தேத்தண்ணி போத்தலில் வரும், தகரப்பேணியில் வரும், சில இடத்தில் சிரட்டையில் வரும். சுடச்சுடத் தேத்தண்ணியைப் போத்தலில் ஊத்திக் குடித்துப் பாருங்கோ. போத்தலின் கழுத்தைப் பிடித்தாலும் கை சுடும், வாய் வைத்தால் சொண்டு சுடும், ஊதி ஆத்தவும் முடியாது. விலையில் மட்டும் வித்தியாசம் இல்லை. கடைக்காரர் காசைத் தொட்டு வாங்கி லாச்சிக்குள் போடுவார், கிளாஸைத்தான் கொடுக்க மாட்டார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு முதியவர், இப்ப எண்பது வயது தாண்டியவர், சொன்னது: "தாகத்துக்குக் குடிக்கிறதெண்டால் வீட்டிலயே குடிச்சிட்டுப் போகலாம் தம்பி. கடையில குடிக்கிறது இருந்து குடிக்கத்தான்." நாங்கள் இரண்டு மூன்று பேர் போய் ஒரு பின்னேரம் முழுக்க அவரோட கதைத்தோம். போராட்டம், கட்சி என்று கேட்டுக்கொண்டு போன எங்களுக்கு, அவர் அதிக நேரம் சொன்னது வாங்கின் உயரத்தைப் பற்றித்தான்.

இதை யாரும் கேட்காமல் இருக்கவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி ஒழிப்பைத் தன் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற படித்த இளைஞர்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். அவர்கள் அழைத்துத்தான் 1927 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை அந்தக் காலத்தில்தான் சூடு பிடித்தது. ஒரே வாங்கில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கலாம் என்று 1930 அளவில் அரசாங்கம் சொன்னதும் எதிர்ப்பு எவ்வளவு வந்ததென்றால், சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கே இது நடந்ததென்றால், பெரியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குடிப்பதற்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபையில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாங்களே தங்களுக்காகப் பேசினார்கள். எம். சி. சுப்பிரமணியம் அதன் முக்கியமான தலைவர்களில் ஒருவர், 1970 இல் நியமன எம்.பி.யாகப் பாராளுமன்றம் போனவர். மகாசபை போன்றவற்றின் தொடர்ச்சியான அழுத்தத்துக்குப் பிறகு 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 21ஆம் இலக்கச் சட்டம். சாதியைக் காரணம் காட்டி ஒருவரைப் பள்ளிக்கூடத்தில், கடையில், சாப்பாட்டுக் கடையில், பொதுக் கிணற்றில், வாகனத்தில், வழிபாட்டிடத்தில் தடுப்பது குற்றம் என்று அது சொன்னது. இதே 1957 இல்தான் சென்னையில் ஒரு ஹோட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காலத்தில் சாப்பாட்டுக் கடைதான் சண்டைக்களம்.

சட்டம் புத்தகத்தில் இருந்தது, போத்தல் கடையில் இருந்தது. மகாசபை யாழ் நகரத்தில் கடைகளுக்குள் போகும் முயற்சிகளை எடுத்தது. நகரத்தில் மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. நகரத்துக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் யார் என்று முழுக்கத் தெரியாது, தெரிந்தாலும் வியாபாரம் பெரிது. கிராமத்துச் சந்தியில் கதை வேறு. அங்கே கடைக்காரருக்கு எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் கடைக்காரரைத் தெரியும். ஒருத்தருக்கு வாங்கு கொடுத்தால் மற்றவர்கள் நாளைக்கு வரமாட்டார்கள் என்ற பயம் கடைக்காரருக்கு. இந்தப் பயத்தை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சாதி தனி ஆளின் கெட்ட குணத்தில் மட்டும் நிற்கவில்லை என்பதை விளங்க இது உதவும்.

1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. ஒழுங்கு செய்தது சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. தொடங்கிய இடத்திலேயே பொலிஸ் அடித்தது. அடி வாங்கியும் சனம் நகரம் வரை வந்து முற்றவெளியில் கூட்டம் வைத்தது, என். சண்முகதாசன் பேசினார். அடுத்த வருடம், 1967 இல், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைந்தது. எஸ். ரி. என். நாகரத்தினம், எழுத்தாளர் கே. டானியல் போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். கோயிலும் தேத்தண்ணிக் கடையும்தான் அவர்கள் தெரிந்தெடுத்த இடங்கள்.

முறை எளிமையானது. ஒரு குழு கடைக்குள் போகும், வாங்கில் இருக்கும், கிளாஸில் தேத்தண்ணி கேட்கும். கொடுத்தால் குடித்து, காசு கொடுத்துவிட்டு வரும். கொடுக்காவிட்டால் எழும்பாது. 1960 பெப்ரவரியில் அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பின மாணவர்கள் கடை மேசையில் இருந்து கோப்பி கேட்டு எழும்பாமல் இருந்த கதையை நாங்கள் கம்பஸில் படிக்கிறோம், பரீட்சைக்கும் எழுதுகிறோம். சங்கானையும் சாவகச்சேரியும் நெல்லியடியும் பாடத்தில் வரவில்லை. பஸ் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய இடங்கள் இவை.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேணும். இங்கே எல்லாம் அமைதியாக நடக்கவில்லை. உள்ளே போனவர்களை அடித்தார்கள், குடிசைகளை எரித்தார்கள், சுட்டார்கள். திருப்பி அடியும் விழுந்தது. இயக்கம் அகிம்சையை நேர்ந்துகொண்ட இயக்கம் அல்ல. சங்கானையில் உயிர்கள் போயின. மட்டக்களப்பிலிருந்த கவிஞர் சுபத்திரன் அந்த ஊருக்கு வணக்கம் சொல்லி எழுதிய கவிதை அந்தக் காலத்து முற்போக்கு மேடைகளில் பிரபலம். ஒரு கிளாஸ் பிளேன்ரீ, சில சதத்துக் கணக்கு என்று யோசிக்கிற எவருக்கும், அதற்காக ஏன் துவக்குத் தூக்கினார்கள் என்ற கேள்வி வரும். தூக்கியவர்களுக்கு அது பிளேன்ரீ அல்ல. கூலி பேசுகிற இடத்திலும் தேர்தல் கதைக்கிற இடத்திலும் இவர்களும் சம உயரத்தில் இருந்தால், நாளைக்கு வயலில் எப்படிக் கட்டளை போடுவது என்பதுதான் அவர்களின் யோசினை.

தமிழ்த் தேசியக் கட்சிகள் அந்த நேரம் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானங்கள் போட்டன. ஆனால் கடை வாசலுக்கு வர அவசரப்படவில்லை. வாக்கு எங்கே கூட இருந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த பிரவேசப் போராட்டம் இதைவிடப் பிரபலம். முன்னாள் எம்.பி.யும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் வாசலில் நின்று மறித்ததும், அவர்மேல் 1957 சட்டத்தின்கீழ் வழக்கு வந்ததும் பலருக்குத் தெரியும். கோயில் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், நாங்கள் கடையோடு நிற்கிறோம்.

கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சட்டத்தின் தண்டனையும் 1971 இல் கூட்டப்பட்டது. 1970களில் வளர்ந்தவர்கள் கனபேர் போத்தலைக் கண்டதில்லை. அதற்குப் பிறகு வந்த யுத்தமும் இடப்பெயர்வும் ஊர்களையே கலைத்துப் போட்டதால், இந்தக் கதை அதற்குக் கீழே போய்விட்டது. கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்கிற ஆக்களில் பாதிப் பேர், அந்தக் காலத்தில் வாங்கில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

இன்னும் இரண்டு விஷயம் எங்கட மண்டைக்குள் நிற்கிறது. ஒன்று, இந்தக் கடைகள் முழுக்க ஆம்பிளைகளின் இடம். பெண்கள் ஊர்வலத்தில் வந்தார்கள், கோயில் வாசலில் நின்றார்கள், ஆனால் வென்றெடுத்த வாங்கில் அவர்கள் இருந்தது குறைவு. எங்கட செற்றில் பெண்பிள்ளைகள் சந்திக் கடையில் இருந்து ரீ குடித்தால் இண்டைக்கும் பஸ்ஸால் இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பினம். மற்றது, அந்தக் கிளாஸுக்குள் இருந்த தேயிலையைப் பறித்த மலையகத் தொழிலாளர்களின் குடியுரிமை 1948 சட்டத்தோடு பறிபோனது. யாழ்ப்பாணத்தில் கடைக்கு உள்ளே இருந்தவர், வெளியில் நின்றவர் இரண்டு பேரின் கையிலும் இருந்தது அவர்களின் உழைப்பு.

எங்கட ஊர்களில் பழைய தேத்தண்ணிக் கடைகளின் பெயர்களையும், அவை நின்ற சந்திகளையும், எந்த வருடம் எல்லாருக்கும் வாங்கு கொடுத்தார்கள் என்பதையும் எழுதிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு சந்திகள். மூன்று கடைகள் இன்னும் அதே இடத்தில் நடக்கின்றன, ஒன்றில் உளுந்துவடை நல்லம், பின்னேரம் நாலு மணிக்கு முதல் போக வேணும். உங்கட வீட்டில் அம்மம்மா, அம்மப்பா இருந்தால், சந்திக் கடையில் அவையள் எதில் குடித்தவை, எங்கே இருந்து குடித்தவை என்று கேட்டுப்பாருங்கோ.