மறுசெய்கை நெருக்கடி
வெளியான ஓர் ஆய்வை வேறொருவர் அதே முறையில் திரும்பச் செய்யும்போது பழைய முடிவு கிடைக்காமல் போவது பல துறைகளில் பரவலாகத் தென்பட்ட நிலையே மறுசெய்கை நெருக்கடி எனப்படுகிறது. 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த கூட்டாய்வு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் அளவுகோலைத் தாண்டியிருந்தன. மறுஆய்வில் தாண்டியவை 36 சதவீதமே. பொருளியலில் 2016இல் சோதிக்கப்பட்ட 18 ஆய்வகச் சோதனைகளில் 11 தேறின. மோசடியைவிட, சிறிய மாதிரிகளும் சாதகமான முடிவை மட்டும் வெளியிடும் வழக்கமுமே இதற்குப் பெரிய காரணங்கள். மருத்துவம் இதற்கு வலுவான சான்று தருகிறது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய இதயநோய்ச் சோதனைகளில் 2000க்கு முன் 30இல் 17 பலன் காட்டின. எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவுசெய்வது வழக்கமான பிறகு 25இல் 2 மட்டுமே காட்டின. சிகிச்சைத் தரம் உயர்ந்ததும் இவ்வீழ்ச்சிக்கு ஓரளவு காரணமாகலாம். ஆனால் அது மட்டுமே இவ்வளவு பெரிய இறக்கத்தை விளக்கிவிடாது.

மறுஆய்வுகள் வேறு மக்களிடம், வேறு சூழலில் நடந்ததால்தான் பொய்த்தன என்பது நியாயமான மறுப்பு. இதைச் சோதிக்கவே 2018இல் 28 உளவியல் விளைவுகள் பல நாடுகளில் பெரிய மாதிரிகளுடன் ஆராயப்பட்டன. ஏறத்தாழப் பாதி தேறவில்லை. தேறாதவை பெரும்பாலும் எந்த நாட்டிலும் தேறவில்லை என்பதால், சூழல் வேறுபாடு இத்தோல்விகளில் சிறுபகுதியையே விளக்குகிறது.