வாகன வயர்லெஸ்: சூடேறலும் திறன் குறைவும்

வாகனத்திலோ படகிலோ பொருத்தப்பட்டு, பேசவும் கேட்கவும் பயன்படும் இருவழி வானொலிக் கருவி தமிழகத்தில் பொதுவாக வயர்லெஸ் எனப்படுகிறது. பெட்டி அளவுமீறிச் சூடாவது, அலைபரப்பும் திறன் குறைவது ஆகிய இரண்டும் இக்கருவியில் அடிக்கடி சேர்ந்தே காணப்படும் குறைகள். இவை பெரும்பாலும் ஒரே பழுதின் இரு முகங்கள். பேட்டரி தரும் ஆற்றலில் ஆண்டெனா வழியே அலையாக வெளியேறாத பகுதி, கருவியிலோ கேபிளிலோ வெப்பமாக மாறிவிடுகிறது.

காவிரிப் படுகையில் இதன் தேவை

1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16 ஆகிய நாள்களில் கடும் புயல்கள் நாகப்பட்டினம் வட்டாரத்தில் கரையைக் கடந்தன. இவற்றுள் கடைசியான கஜா புயலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. மின்சாரத்தோடு கைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. இத்தகைய நேரங்களில் கோபுரங்களையும் இணைப்பகங்களையும் நம்பாமல் நேருக்கு நேர் பேசக்கூடிய வயர்லெஸ் இன்றியமையாததாகிறது. அதன் வீச்சு குறைந்திருப்பது அப்போதுதான் தெரியவந்தால், உதவி கேட்கும் குரல் அடுத்த ஊரை எட்டாமலே போகலாம்.

வெற்றிடக் குழாய்க் காலம்

1933இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பேயோன் நகரக் காவல்துறை, கார்களில் இருவழி வானொலியைப் பயன்படுத்தத் தொடங்கியது. அக்காலக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. குழாய்களுக்குத் தேவையான நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தை, கார் பேட்டரியால் சுழலும் டைனமோட்டார் உண்டாக்கியது. ஆண்டெனா சரியாகப் பொருந்தாவிட்டால் குழாயின் உள்தகடு செந்நிறமாகக் கனலும். பழுதைக் கண்ணாலேயே கண்டு, திருகிச் சரிசெய்ய முடிந்தது.

1952இல் வெளிவந்த பேர்டு 43 என்னும் வாட் மீட்டர், ஆண்டெனாவை நோக்கிச் செல்லும் திறனையும் அங்கிருந்து திரும்பிவரும் திறனையும் தனித்தனியே அளக்க உதவியது. கருவியில் பழுதா, ஆண்டெனாப் பக்கம் பழுதா என்பதைப் பிரித்தறிவது இதனால் எளிதாயிற்று.

டிரான்சிஸ்டர் தந்த மாற்றம்

பின்னர் டிரான்சிஸ்டர்கள் குழாய்களின் இடத்தைப் பிடித்தன. கருவி சிறுத்தது, 12 வோல்ட் பேட்டரியிலேயே நேரடியாக இயங்கியது. ஆனால் மிகை வெப்பத்தைக் குழாய்களைப் போல டிரான்சிஸ்டரால் தாங்க இயலாது, நொடிகளில் கருகிவிடும். ஆகவே பாதுகாப்புச் சுற்று சேர்க்கப்பட்டது. திரும்பிவரும் திறனோ வெப்பமோ எல்லையைத் தாண்டினால், கருவி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே இன்றைய கருவியில் திறன் குறைவது, வேறெங்கோ உள்ள பழுதிலிருந்து அது தன்னைக் காத்துக்கொள்வதாகவும் இருக்கலாம்.

13.8 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் கருவி 69 வாட் ஆற்றலைப் பெறுகிறது. அதில் 25 வாட் அலையாக வெளியேறினால் 44 வாட் வெப்பமாகிறது. பழுதில்லாத கருவியும் சூடாவது இதனால்தான். அவ்வெப்பத்தை வெளியேற்றவே பின்புறத்தில் அலுமினியத் துடுப்புகள் உள்ளன. கருவியை இருக்கைக்கு அடியில் திணித்து மேலே பைகளை அடுக்கினால் துடுப்புகளால் பயனில்லை. நிலை அலை விகிதம் 3 ஆக உயர்ந்தால் ஆண்டெனாவுக்குச் சென்ற திறனில் கால்பங்கு திரும்பிவருகிறது.

உப்புக்காற்றும் கேபிளும்

வேதாரண்யம், மல்லிப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கிறது. துருவேறிய ஃபியூஸ் பிடியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 5 ஆம்பியரில் 1 வோல்ட் இழப்பு ஏற்படும். அந்த இணைப்பும் சூடாகும். கருவிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்து திறனும் குறையும்.

கேபிளுக்குள் நீர் புகுவது இன்னும் ஏமாற்றும் பழுது. நனைந்த கேபிள், போகும் அலையையும் திரும்பும் அலையையும் விழுங்கிவிடுகிறது. கருவியின் அருகே வைத்த மீட்டர் திரும்பும் திறன் குறைவு என்றே காட்டும். அளந்தவர் எல்லாம் சரி என்று நினைப்பார். ஆண்டெனாவிலோ சிறிதளவு திறனே எஞ்சியிருக்கும்.

பழுதறியும் வரிசை

முதலில், பேசும்போது கருவியின் முனையிலேயே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பேசாதபோது அளந்தால் இணைப்பின் குறை தெரியாது. அடுத்து ஆண்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாக 50 ஓம் போலிச் சுமையை வாட் மீட்டர் வழியாக இணைக்க வேண்டும். எதையும் இணைக்காமல் பேச்சுப் பொத்தானை அழுத்தக் கூடாது. போலிச் சுமையில் முழுத்திறனும் வந்தால் கருவியில் குறையில்லை. கேபிள், இணைப்பான், ஆண்டெனா ஆகியவற்றில் தேட வேண்டும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் அப்போதும் திறன் குறைந்தால் கருவியைத் திறந்து பார்க்க வேண்டியதே. கடைசியாக, கேபிளின் மறுமுனையில் போலிச் சுமையை இணைத்து அங்கேயும் அளந்தால் நனைந்த கேபிள் பிடிபடும்.

மீட்புப் பணியில் இடைவிடாது பேச நேரிடுவதால் வெப்பம் விரைவில் ஏறும். கடல்சார் வி.எச்.எஃப். கருவிகளில் 25 வாட், 1 வாட் என இரு நிலைகள் உண்டு. அருகில் உள்ளவரிடம் பேசக் குறைந்த நிலையே போதும்; கருவியும் ஆறும், பேட்டரியும் நீடிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன்பே இச்சோதனைகளை முடித்துக்கொண்டால், புயல் வரும்போது கருவி முழுத்திறனுடன் ஆயத்தமாக இருக்கும்.