மாருதி 800 மகிழுந்தின் எரிபொருள் சிக்கனம்

மாருதி 800 மகிழுந்தின் எரிபொருள் சிக்கனம் என்பது அவ்வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலில் கடக்கும் தொலைவையும் அத்தொலைவை நீட்டிக்கும் வழிமுறைகளையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இது மைலேஜ் எனப்படுகிறது. இந்தியச் சாலைகளில் மைல் கணக்கு மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. 1983 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட மாருதி 800, இந்தியாவில் பல இலட்சம் குடும்பங்களின் முதல் மகிழுந்தாக அமைந்தது. பழைய வண்டிகள் விற்கப்படும் சந்தையில் அது இன்றும் முதல் வண்டியாக வாங்கப்படுகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் இயற்பியல் அடிப்படைகள் ஆல்டோ, நானோ போன்ற பிற சிறு மகிழுந்துகளுக்கும் பொருந்தும்.

பின்னணி

மாருதி உத்யோக் நிறுவனம் ஜப்பானின் சுசூக்கி நிறுவனத்துடன் இணைந்து அரியானா மாநிலத்தின் குர்கானில் இம்மகிழுந்தைத் தயாரித்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அதுவரை சந்தையில் முதன்மையாக இருந்தவை 1489 கன செ.மீ. பொறி கொண்ட அம்பாசிடரும் 1089 கன செ.மீ. பொறி கொண்ட பிரீமியர் பத்மினியும் ஆகும். மாருதியின் பொறியோ மூன்று உருளைகளுடன் 796 கன செ.மீ. கொள்ளளவு மட்டுமே கொண்டது. அதன் எடை ஏறத்தாழ 650 கிலோகிராம். அம்பாசிடர் 1100 கிலோகிராமுக்கும் மேற்பட்டது. மாருதியின் சிக்கனத்திற்குப் பொறியின் சிறுமையே காரணம் என்று பலரும் கருதுவர். எடைக் குறைவுக்கும் அதில் அதே அளவு பங்கு உண்டு.

1986இல் உடலமைப்பு மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தது. பாரத் நிலை 4 விதிகளை ஒட்டி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2014 சனவரியில் உற்பத்தி முற்றிலும் முடிவுக்கு வந்தது.

பெட்ரோல் எங்கே செலவாகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. இதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். சக்கரங்களை வந்தடைவது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.4 மெகாஜூல் என்று கொள்ளலாம். இதைக் கொண்டே வண்டி மூன்று தடைகளை எதிர்கொள்ள வேண்டும். அவை டயர்களின் உருள்தடை, காற்றின் தடை, நிறுத்தி மீண்டும் வேகமெடுக்கும்போது ஏற்படும் இழப்பு என்பனவாகும். மேடு ஏறும்போது புவியீர்ப்பும் இவற்றுடன் சேரும்.

ஆட்களுடன் சேர்த்து 800 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்றைக் கருதுக. அதன் உருள்தடை எவ்வேகத்திலும் ஏறத்தாழ 94 நியூட்டனாகவே இருக்கும். காற்றின் தடை அவ்வாறன்று, அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றுத்தடைக் கெழு 0.4, முகப்புப் பரப்பு 1.7 சதுர மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை 75 நியூட்டன் அளவில் இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் அது 193 நியூட்டன், 100 கி.மீ. வேகத்தில் 300 நியூட்டன். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்மடங்காகும் என்பதே இதன் பொருள். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான். இதற்கும் குறைந்த வேகத்தில் சென்றால் மேலும் சிக்கனமாகும் என்று எண்ணுவது தவறு. மிகக் குறைந்த சுமையில் பொறியின் திறன் வீழ்ந்துவிடும். கீழ் கியரில் நெடுந்தொலைவு ஊர்வதும் பெட்ரோலைக் குடிக்கும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் இவ்வண்டியின் இயக்க ஆற்றல் 111 கிலோஜூல். பிரேக் மிதித்து நிறுத்தும்போது இது முழுவதும் வெப்பமாக வீணாகிறது. அவ்வேகத்தை மீண்டும் பெற ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை. தேநீர்க் குவளையின் அடியில் தங்கும் அளவுதான் இது. ஆயினும் அறுபது முறை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் போய்விடும். நகரத்தில் மைலேஜ் குறைவதற்கு முதற்காரணம் இதுவே. முன்னால் உள்ள வேகத்தடையையோ சிவப்பு விளக்கையோ தொலைவிலேயே கண்டு, முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடும் ஓட்டுநர், பிரேக் மிதிக்கும் ஓட்டுநரைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார். எவ்விதச் செலவும் இன்றிக் கிட்டும் சிக்கனம் இது ஒன்றே எனலாம்.

காற்றும் நிலமும்: ஓர் எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில், திருமங்கலத்திலிருந்து இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744இல் அமைந்துள்ளது. இச்சாலையின் முற்பகுதி பெரும்பாலும் சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபுறம் தொடர்ந்து வந்தாலும், செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாயில்தான் சாலை மலைக்குள் நுழைகிறது. எனவே கிருஷ்ணன்கோவிலில் இருந்து குற்றாலத்திற்குச் செல்லும் குடும்பம் ஒன்றிற்கு மேடு ஒரு பொருட்டன்று. காற்று பொருட்டாகும்.

குற்றால சீசனும் தென்மேற்குப் பருவக்காற்றும் சூன் முதல் ஆகத்து வரை ஒன்றாகவே வருகின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியே இக்காற்று கிழக்கு நோக்கிப் பலமாக வீசும். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை 20 கி.மீ. வேகக் காற்று எதிர்த்தால், அது 80 கி.மீ. வேகத்திற்குரிய காற்றுத்தடையைச் சந்திக்கிறது. அதாவது தடை 1.78 மடங்காகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் தடை 0.44 மடங்காகக் குறையும். போனதும் வந்ததும் சமமாகிவிடும் எனத் தோன்றும். ஆயினும் இரண்டின் சராசரி 1.11 ஆகும். ஆகவே காற்றுள்ள நாளில் போய்வரும் பயணத்தில் காற்றுத்தடைக்கான செலவு காற்றில்லா நாளைவிட 11 விழுக்காடு கூடுதல். போகும் வழியில் மட்டும் மைலேஜ் பார்த்துவிட்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்வது இக்காரணத்தால் பயனற்றது.

மலையேறும் பயணங்களில் கணக்கு வேறுபடும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் மேற்சொன்ன வண்டிக்கு ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் கூடுதலாகத் தேவைப்படும். ஆட்களும் மூட்டைகளும் கூடினால் இதுவும் அதே வீதத்தில் கூடும்.

இறக்கத்தில் பொறியை நிறுத்துதல்

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், சாவியைத் திருப்பிப் பொறியையே நிறுத்திவிடுவதும் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது உயிருக்கு ஆபத்தானது. கியரில் இல்லாத வண்டிக்குப் பொறியின் இழுவைத் தடை கிடைப்பதில்லை. எடை முழுவதையும் பிரேக்குகளே தாங்குவதால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். வெற்றிட உதவியுள்ள பிரேக் கொண்ட வண்டிகளில், பொறி நின்றபின் ஓரிரு முறை மிதித்ததும் மிதி கடினமாகிவிடும். சாவியை முழுதும் திருப்பினால் திசைமாற்றி பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அன்றியும், எரிபொருள் பீய்ச்சும் முறை உள்ள வண்டிகளில் இதனால் மிச்சம் ஏதுமில்லை. கியரில் இருக்கும்போது முடுக்கியை விட்டுவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே பொறியைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ பொறி அணையாதிருக்கப் பெட்ரோல் தேவைப்படும். கார்புரேட்டர் வண்டிகளில் சிறிதளவு மிச்சமாகலாம். ஒரு பிரேக் லைனிங்கின் விலைக்குக்கூட அது ஈடாகாது.

இருப்புப்பாதைக் கடவில் பொறியை நிறுத்துவது இதனின்று வேறானது. இவ்வளவு சிறிய பொறி நின்ற நிலையில் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் செலவழிக்கும். பத்து நிமிடம் காத்திருந்தால் 80 மில்லிலிட்டர் அளவிற்கு மிச்சமாகும். மின்கலம் நல்ல நிலையில் இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

டயர்களின் காற்றழுத்தமே முதலில் கவனிக்கத்தக்கது. நான்கு டயர்களிலும் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு அளவில் குறையும் என அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை கூறுகிறது. பத்து அலகு குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் அரிதல்ல. டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்புதல் வேண்டும். மிகையாக நிரப்பினால் உருள்தடை சற்றுக் குறையும். ஆனால் மழையில் பிடிப்பும் குறையும். மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரங்களுக்கு மாற்றாக அழகுக்காக அகலமான டயர் பூட்டுவது சிக்கனத்திற்கு எதிரானது.

காற்று வடிகட்டியைப் பொறுத்தவரை கார்புரேட்டர் வண்டிக்கும் புதிய வண்டிக்கும் வேறுபாடு உண்டு. கார்புரேட்டர் வண்டியில் அடைபட்ட வடிகட்டி கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டிவிடும். எனவே செலவும் கூடும். பீய்ச்சும் முறையில் ஆக்சிசன் உணரி கலவையைச் சரிசெய்துகொள்வதால் மைலேஜ் பெரிதும் மாறாது, வண்டியின் இழுவை மட்டுமே மந்தமாகும். இவ்வுணரி பழுதானால் மைலேஜ் வெகுவாகக் குறையும். பல பட்டறைகளில் இதை விடுத்து வேறு பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பர். பழைய மாதிரிகளில் கையால் இழுக்கும் சோக் உண்டு. காலையில் இழுத்ததை உள்ளே தள்ள மறந்து நாள் முழுவதும் ஓட்டுவது, புதிதாக ஓட்டக் கற்றவர்களிடம் காணப்படும் வழக்கமான தவறு. தேய்ந்த ஸ்பார்க் பிளக், விட்டுப் பிடிக்காத பிரேக், நழுவும் கிளட்ச் ஆகியனவும் பார்க்கப்பட வேண்டியவை.

குளிரூட்டி இயங்கினால் ஏறத்தாழ 37 குதிரைத்திறன் கொண்ட இப்பொறிக்கு அது கனத்த சுமை. குறைந்த வேகத்தில் கண்ணாடியை இறக்கிவிடுவது மேல். கூரைமீது கட்டப்படும் தாங்கி, சுமை இல்லாதபோதும் காற்றைத் தடுக்கும். தேவை முடிந்ததும் கழற்றிவிடுதல் நலம்.

அளவிடும் முறை

பெட்ரோல் முள் காட்டும் அளவை நம்புதல் கூடாது. தொட்டியை முழுதாக நிரப்பித் தொலைவுமானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சில நூறு கி.மீ. ஓடியபின் அதே பங்க்கில் மீண்டும் முழுதாக நிரப்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, 352 கி.மீ. ஓடி 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 17.6 ஆகும். ஒரு முறை அளவிட்டு முடிவுக்கு வருதல் சரியன்று. மூன்று, நான்கு முறைகளின் சராசரியே நம்பத்தக்கது. மாருதி 800 உரிமையாளர்கள் பொதுவாகக் கூறும் அளவு நகரில் 14 முதல் 16, நெடுஞ்சாலையில் 18 முதல் 20. பூனாவிலுள்ள இந்தியத் தானுந்து ஆராய்ச்சிச் சங்கம் சான்றளிக்கும் எண்கள் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது ஓட்டிப் பெறப்படுபவை. 2009இல் வெளிவந்த டாட்டா நானோவிற்கு அச்சங்கம் அளித்த 23.6 கி.மீ. என்ற எண்ணைச் சாலையில் எட்டியவர் குறைவு.

கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றவும் வல்லது. 12இலிருந்து 14ஆக உயர்த்தினால் 1000 கி.மீ. ஓட்டத்தில் 11.9 லிட்டர் மிச்சமாகும். 20இலிருந்து 22ஆக உயர்த்தினால் மிச்சம் 4.5 லிட்டரே. ஆகவே பழுதான வண்டியைச் சீர்செய்வதில் கிடைக்கும் பயன், நன்றாக ஓடும் வண்டியை மேலும் மெருகேற்றுவதில் கிடைப்பதில்லை.

மைலேஜ் கூட்டும் கருவிகள்

பெட்ரோல் குழாயில் பூட்டும் காந்தங்கள், தொட்டியில் இடும் மாத்திரைகள் முதலியன தொடர்ந்து விற்கப்படுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய பொருட்களை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பயன் தருவது எதுவுமில்லை எனக் கண்டது. வாங்கியவர் சில நாள் நிதானமாக ஓட்டுவதால் மைலேஜ் கூடுகிறது, புகழ் காந்தத்திற்குச் சேர்கிறது.

வீட்டுச் சமையல் எரிவாயு உருளையை வண்டியில் பொருத்துவது சட்டப்படி குற்றம், வெடிவிபத்துக்கும் இடமளிப்பது. எரிவாயுவில் ஓட்ட விரும்புவோர் 2001ஆம் ஆண்டு ஆணைக்கு உட்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட கருவியைப் பொருத்திப் பதிவுச் சான்றிதழில் குறிப்பிடச் செய்தல் வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனாலின் ஆற்றல் அதே கொள்ளளவுள்ள பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரு பங்கு அளவே. எனவே ஒரு லிட்டர் கலவையின் ஆற்றல் தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 விழுக்காடு குறைவு. பொறி அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் மைலேஜும் இதனை ஒட்டிக் குறையலாம். மாருதி 800 இக்கலவை வருவதற்கு முன்னரே உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. கார்புரேட்டரிலும் எரிபொருள் குழாய்களிலும் உள்ள பழைய இரப்பர்ப் பாகங்கள் எத்தனாலால் உப்பியோ வெடித்தோ கசியக்கூடும். அவ்வண்டியை இப்போது வாங்குவோர் மைலேஜைக் கேட்பதற்கு முன் குழாய்களைப் பார்ப்பதும், தேவையெனில் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவதும் நன்று. வண்டியை நெடுநாள் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை ஈர்த்து, நீருடன் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரியவும் வாய்ப்புண்டு. வாரம் ஒரு முறை கோயிலுக்கு மட்டும் எடுக்கப்படும் வண்டியில் தொட்டியைக் குறைவாக நிரப்பி அடிக்கடி புதிதாகப் பிடிப்பதே உகந்தது.