அகிம்சை இறாக்கையில் வன்னியின் இடம்

எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் சமாதானத்துக்கும் அகிம்சைக்குமென ஓர் இறாக்கை ஒதுக்கியபோது முதலில் வந்து சேர்ந்தவை காந்தியின் ‘சத்திய சோதனை’யும் மார்ட்டின் லூதர் கிங், மண்டேலா வாழ்க்கை வரலாறுகளும். எல்லாம் வேண்டிய நூல்கள்தான். அவற்றை மட்டும் வாசித்து வளரும் வன்னிப் பிள்ளை, அகிம்சை என்றால் எங்கேயோ தூரதேசத்தில் நடந்த சங்கதி என்றே எண்ணும். அதனால், முதல் தட்டு இந்த மண்ணின் வரலாற்றுக்கு என்று பிடிவாதமாக நின்றேன்.

அந்தத் தட்டு 1961 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பெப்ரவரி 20 அன்று, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பிறகு மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கச்சேரிக்குக் கச்சேரி அது பரவியது. ஏப்ரல் 14 அன்று கட்சியின் தலைவர் செல்வநாயகம் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடக்கிவைத்தார். மூன்றே நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் கைதானார்கள்.

அடுத்தது காந்தியம். 1977 கலவரத்தில் வீடுவாசல் இழந்த மலையகத் தமிழர் பலர் வவுனியாவுக்கு வந்தார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் காந்தியம் அமைப்பின் வழியாக அவர்களைக் குடியமர்த்தினார்கள். தோட்டத்தில் லயன் அறையை மட்டுமே கண்டவர்களுக்குப் பயிர் செய்ய நிலம் கிடைத்தது. குழந்தைகளுக்குப் பாலர் பாடசாலைகள் எழுந்தன. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், அந்தச் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறி, பல்லாண்டு தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015 இல் கிளிநொச்சியில் காலமானார்.

இந்தக் கதையின் அடுத்த பக்கத்தையும் நாங்கள் மறைக்கக் கூடாது. காந்தியம் மக்களைக் குடியேற்றிய கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து 1984 இல் தமிழர் வெளியேற்றப்பட்டார்கள். சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் அங்கே குடியிருத்தப்பட்டார்கள். நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அவர்களிற் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்படக் கொல்லப்பட்டார்கள். எங்களுக்கு இழைக்கப்பட்டதை மட்டும் அடுக்கினால் அது முறைப்பாட்டுக் கோவையாகிவிடும். எங்கள் பெயரால் இழைக்கப்பட்டதும் அதே தட்டில் இருக்க வேண்டும்.

“அகிம்சை தோற்றுப்போன கதையை ஏன் சேர்க்கிறியள்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2017 ஐக் காட்டுவேன். கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் ஜனவரி 31 முதல் தங்கள் காணியைப் பிடித்திருந்த விமானப்படை முகாமின் முன் இரவும் பகலும் இருந்து, மார்ச் 1 அன்று அந்தக் காணிக்குள் கால்வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன் அமர்ந்தது பெப்ரவரி 20. 1961 இல் சத்தியாக்கிரகம் தொடங்கிய அதே தேதி. நான்கு நாள் கழித்து வவுனியாவிலும் கொட்டகை எழுந்தது. அங்கே அமர்ந்த தாய்மாருக்குப் பிள்ளைகள் பற்றிய பதில் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இருந்தும் அவர்கள் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை. இதைவிடப் பெரிய பாடநூல் எங்களிடம் வேறில்லை.

டூயி பகுப்பில் அறப்போராட்டத்துக்கு எண் 303.61, இலங்கை வரலாற்றுக்கு 954.93. வன்னியைப் பற்றிய நூல்கள் வழமையாக வரலாற்றுக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் 303.61 இலும் ஒரு குறிப்பு அட்டை வைக்கிறோம். மாணவர் ஒருவர் காந்தியைத் தேடி வந்தால், டேவிட்டையும் கேப்பாப்பிலவையும் காணாமல் திரும்பக் கூடாது.

எங்களுக்குள்ள பெரிய தட்டுப்பாடு எழுத்து ஆவணங்கள்தான். 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் சனம் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் காப்பாற்றவே பாடுபட்டது. புத்தகங்களும் கொப்பிகளும் பதுங்கு குழிகளோடு போயின. ஆகவே வாய்மொழியைப் பதிவு செய்கிறோம். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் கிடைக்கும் பழைய பத்திரிகைகளை அச்செடுத்துக் கட்டுகிறோம்.

1961 இன் துண்டுப்பிரசுரம், காந்தியம் பாலர் பாடசாலைப் படம், போராட்டக் கொட்டகையில் எழுதிய நாட்குறிப்பு யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அகிம்சையை இங்கே வாழ்ந்து பார்த்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.