கடிகாரக்காரர் மகன்

உள்ளே சக்கரங்கள் ஓடுவது வெளியே தெரிகிற ‘ஸ்கெலிட்டன்’ கைக்கடிகாரங்களை இப்போது கடைகளில் பார்க்கிறோம். தகடுகளை வெட்டி எடுத்து எலும்பை மட்டும் மிச்சம் வைப்பதால் அந்தப் பெயர். 1760 வாக்கில் இதைத் தொடங்கிவைத்தவர் என்று பாரிஸ் கடிகாரக்காரர் ஆந்த்ரே-ஷார்ல் கரோனைச் சொல்வது வழக்கம். அவர் மகனை, பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்களுக்கு வேறு பெயரில் தெரியும். ஃபிகரோ நாடகங்களை எழுதிய போமார்ஷேதான் அவர்.

1732-இல் பிறந்த பியேர்-ஒகுஸ்தேன் கரோன், அப்பாவின் கடையிலேயே தொழில் பழகினார். பையன் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை. ஒரு சமயம் அப்பா வீட்டை விட்டே துரத்திவிட்டு, பிறகு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்து, அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

அக்காலத்துக் கடிகாரங்கள் சரியாக நேரம் காட்டாது. சாவி கொடுத்து முறுக்கிய வில், தன் பலத்தை ஒரேயடியாக விட்டுவிடாமல் பல் பல்லாக விடச் செய்யும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். டிக் டிக் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. 1753-இல், 21 வயதில், கரோன் புதுவகை எஸ்கேப்மென்ட் ஒன்றைச் செய்தார். அரசரின் கடிகாரக்காரரான லெபோத் அதைப் பார்க்கக் கேட்டார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று பையனும் நம்பிக் காட்டினான். செப்டம்பரில் ‘மெர்க்யூர் த பிரான்ஸ்’ பத்திரிகையில், அது தம்முடைய கண்டுபிடிப்பு என்று லெபோத் அறிவித்துவிட்டார்.

அரண்மனைச் செல்வாக்கு ஒரு பக்கம், கடைக்காரர் மகன் ஒரு பக்கம். கரோன் சண்டைக்குப் போகவில்லை. விஷயத்தை எழுத்தில் வைத்து, விஞ்ஞான அகாதெமியிடம் நியாயம் கேட்டார். அகாதெமி விசாரித்து, 1754 பிப்ரவரியில், கண்டுபிடிப்பு கரோனுடையதே என்று தீர்ப்பளித்தது. அரண்மனைக் கதவு திறந்தது. மதாம் த பொம்பதூருக்காக, ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள கடிகாரத்தை மோதிரத்தில் பதித்துக் கொடுத்தார்.

அந்த எஸ்கேப்மென்ட் நிலைக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் கண்டுபிடித்த லீவர் வகைதான் இன்றும் பெரும்பாலான சாவிக் கடிகாரங்களில் இருக்கிறது. 1755-இல் தொடங்கிய ஜெனீவாவின் வாஷெரோன் கான்ஸ்டன்டின் போன்ற பழைய கம்பெனிகள் ஸ்கெலிட்டன் கடிகாரங்களை இன்னும் கையால் அறுத்துச் செய்கின்றன.

ஆனால் போமார்ஷே அந்த வழக்கை மறந்ததாகத் தெரியவில்லை. நடிகர் குழுக்கள் வசூலை வைத்துக்கொண்டு, எழுதியவருக்குச் சரியாகக் கணக்குக் காட்டாமல் இருந்த காலத்தில், 1777-இல் நாடக ஆசிரியர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். 1791-இல் பிரான்சில் சட்டமே வந்தது: ஆசிரியர் எழுதிக் கொடுத்த அனுமதி இல்லாமல் அவர் நாடகத்தை நடிக்கக் கூடாது.

வாழ்நாள் முழுக்கக் கோப்பு கட்டியவன் என்பதால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். செல்வாக்கு இல்லாதவனுக்குக் காகிதம்தான் துணை என்று மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 21 வயதுப் பையன் ஒருவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.