தமிழ்ப் பேச்சறிதல்

தமிழ்ப் பேச்சறிதல் என்பது ஒருவர் பேசும் தமிழைக் கணினி கேட்டு எழுத்தாக்கும் தொழில்நுட்பம். பேச்சறிதல் துறையின் முன்னோடிக் கருவிகளுள் ஒன்றான ‘ஆட்ரி’யை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1952-இல் உருவாக்கியது. ஆங்கில எண்களை மட்டுமே அது அறிந்தது.

இயங்குமுறை

பேச்சொலி சில பத்து மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் அதிர்வெண் அமைப்பும் கணக்கிடப்படும். அது எந்த ஒலி என்பதை ஒலி மாதிரியும், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதை மொழி மாதிரியும் மதிப்பிடும். நெடுங்காலம் இதற்கு மறை மார்க்கோவ் மாதிரிகள் என்னும் புள்ளியியல் முறை பயன்பட்டது. இன்றைய நரம்பு வலைப்பின்னல்கள் ஒலியிலிருந்து நேரே எழுத்துக்குச் செல்கின்றன.

தமிழுக்குரிய சிக்கல்கள்

ககரம் ‘பங்கு’, ‘பகல்’ என இடத்துக்கேற்ப ஒலி மாறுவது விதிக்கு அடங்கும். ‘கோயில்’, ‘கோபம்’ ஆகியவற்றின் முதலெழுத்து ஒலியில் வேறுபடுவது அடங்காது. ‘தறி’ என்ற சொல் ‘தறியில்’, ‘தறியிலிருந்து’, ‘தறிக்காரர்களுக்கும்’ எனப் பெருகுவதால் எந்தச் சொற்பட்டியலும் போதாது. சொற்களைச் சிறு கூறுகளாகப் பிரித்தே கையாள்கின்றனர்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்தில் ஒருவர் ‘பட்டுப்பொடவ நெய்யுறாங்க’ என்றால், கருவி அப்படியே எழுதுவதா, ‘பட்டுப்புடவை நெய்கிறார்கள்’ என்று மாற்றுவதா என்பதை ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும். துல்லியத்தை அளப்பதும் சிக்கலே. ஒப்பிடும் மூலத்தில் ‘பட்டுப்புடவை’ என்றிருக்க, கருவி ‘பட்டுப் புடவை’ என்று பிரித்தால் சொற்பிழைக் கணக்கில் இரண்டு பிழை விழும்: ஒரு சொல் மாறியது, ஒரு சொல் கூடியது. காதுக்கோ இரண்டும் ஒன்றே. எனவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

ஆய்வுகள்

பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ‘தமிழ் மார்க்கெட்’ என்னும் பேச்சுவழித் தகவல் கருவி 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயிர்த் தகவல் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். பயன்படுத்துவோரின் பேச்சே பதிவாகி, அவரவர் ஊர் வழக்கைக் கருவிக்குப் பழக்கும் வகையில் அது திட்டமிடப்பட்டது. விளைபொருள் விலையைத் தொலைபேசியில் கேட்டறியும் ஆறு மொழித் திட்டத்தைச் சென்னை ஐஐடி ஒருங்கிணைத்தது. அங்குள்ள ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளுக்குப் பேச்சுத் தரவு திரட்டிவருகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் காலவாக்கத்திலுள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் மூளை முடக்குவாதத்தால் பேச்சுத் தெளிவு குன்றிய 20 பேரின் தமிழைப் பதிந்து தொகுத்து 2016-இல் வெளியிட்டனர். தெளிந்த பேச்சில் மட்டும் பழகிய கருவிக்கு இக்குரல்கள் எளிதில் பிடிபடுவதில்லை.