கடல் கடந்த கல்வி

திருகோணமலையிலிருந்து வடக்கே குச்சவெளியைக் கடந்து செல்வோர் திரியாய் என்னும் பழம்பதியை அடைவர். அங்கே கந்தசாமிமலை என மக்கள் வழங்கும் குன்றின்மீது, வட்ட வடிவான பௌத்தக் கோயிலொன்றின் கற்றூண்கள் நிற்கின்றன. பாறையொன்றிலே ஒரு சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் மொழி வடமொழி. எழுத்தோ பல்லவர் வழங்கிய கிரந்தம். காலம் 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு. கோயிலை நிறுவியோர் திரபுசகர், வல்லிககர் என்னும் வணிகக் கூட்டத்தினர் என அது கூறும். அது போற்றும் அவலோகிதேசுவரரே சீனத்திலே குவான்யின் என்னும் அருட்டெய்வமாக வணங்கப்பெறுகின்றார். வணிகர் ஏறிய மரக்கலங்களிலே எழுத்தும் வழிபாடும் கலையும் உடன் ஏறின என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அச்சாசனத்துக்கும் முன்னரே, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாகியான் என்னும் சீனத்துறவி ஈழம் வந்தார். ஈராண்டு தங்கித் தம் நாட்டில் கிடையாத நூல்களைத் தேடிப் பெற்றார். அநுராதபுரத்திலே புத்தர் திருவுருவின் முன்னர், வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு கண்ணீர் உகுத்தார் என அவரது பயணநூல் உரைக்கின்றது. அயல்நாட்டிலே கற்க வந்தவருக்குத் தம் சொந்த நாடு கண்முன் தோன்றிய கணம் அது.

நூற்கல்விக்குப் பொருந்தும் இவ்வுண்மை திரைக்கலைக்கும் பொருந்தும். அண்மைக்காலச் சீனத் திரைப்பட வரலாறே அதற்குச் சான்று. 1966ஆம் ஆண்டில் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது பீஜிங் திரைப்படக் கல்லூரியிலே மாணவர் சேர்க்கை நின்றுபோயிற்று. இளைஞர் பலர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். சென் கைகே இறப்பர்த் தோட்டத்திலே உழைத்தார். ஜாங் யிமூ பஞ்சாலையிலே வேலை செய்தார். 1978ஆம் ஆண்டில் கல்லூரி மீண்டும் மாணவரை ஏற்றது. வயதெல்லையைக் கடந்துவிட்ட ஜாங் யிமூ மேலிடத்துக்கு முறையிட்டே இடம் பெற்றார். அங்கே அவர்கள் பிறநாட்டுப் படங்களை ஒன்றாயிருந்து கண்டனர், வாதிட்டனர். 1982ஆம் ஆண்டில் கல்வி முடித்தனர். இரண்டாண்டுகளின் பின் சென் கைகே இயக்க, ஜாங் யிமூ ஒளிப்பதிவு செய்த 'மஞ்சள் நிலம்' வெளிவந்தது. உலகப் படங்களைக் கண்டு தேர்ந்த அவர்கள் அவற்றைப் படியெடுக்கவில்லை. வட சீனத்து வறண்ட மேட்டுநிலத்தையும் அதன் எளிய உழவரையும் புதிய கண்கொண்டு நோக்கினர். பாகியானுக்கு ஒரு விசிறி உணர்த்தியதை இவர்களுக்குத் திரை உணர்த்திற்று எனலாம்.

அப்படத்தைக் கண்டே திரைக்கலையை நாடினார் ஜியா ஜாங்கே என்னும் இளைஞர். ஃபென்யாங் என்னும் சிற்றூரினரான அவர் 1993ஆம் ஆண்டில் அதே கல்லூரியிற் சேர்ந்தார். உடன் பயின்றோரைக் கூட்டிக் குறும்படம் எடுத்தார். அக்குறும்படம் ஹொங்கொங்கிலே பரிசு பெற்றது. பரிசினும் பெரிதாக அங்கே அவருக்கு ஒரு நட்புக் கிடைத்தது. பெல்ஜியத்திலே திரைக்கலை பயின்ற யூ லிக்வாய் என்பவரைச் சந்தித்தார். அவரே பின்னர் ஜியாவின் ஒளிப்பதிவாளரானார். இருவரும் ஃபென்யாங் தெருக்களிலே, தொழில்முறை நடிகரல்லாதாரைக் கொண்டு உருவாக்கிய 'சியாவ் வூ' 1998ஆம் ஆண்டில் பெர்லின் விழாவிலே காட்டப்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஜியாவின் மற்றொரு படம் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்றது. 2017ஆம் ஆண்டில் அவர் தம் மாகாணத்துப் பிங்யாவ் நகரிலே திரைப்பட விழாவொன்றைத் தொடங்கினார். தாம் பெற்றதை இளையோர்க்கு மீளக் கொடுத்தார்.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. ராஜ் கபூரின் 'ஆவாரா' 1950களிலே சீன மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜியா 2000ஆம் ஆண்டில் எடுத்த படமொன்றிலே ஃபென்யாங் இளைஞர்கள் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். ஈழத்திலும் இத்தகைய உறவு மலர்ந்ததுண்டு. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வாழ்வைப் பொருளாகக் கொண்டு, 1977ஆம் ஆண்டில் 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை உருவாக்கினார். காவலூர் இராசதுரையின் எழுத்து அதற்குத் துணையாயிற்று. இரு மொழியினர் கூடி உழைத்தமையால் விளைந்த பயன் அது. அதன் பின்னர் வந்த போர் அத்தகைய கூட்டுறவுக்கான வாயில்களைப் பெரிதும் அடைத்தது.

அப்போர் திரியாய் மக்களையும் ஊர்பெயரச் செய்தது. மீண்டு வந்தோரின் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியினாலேயே படம் பிடிக்கலாம். கருவி எளிதாயிற்று, ஆயினும் உடனிருந்து பார்க்கவும் வாதிடவும் திருத்தவும் தோழர் வேண்டும். அத்தோழமையைக் கருவி தருவதில்லை. சீனத்து மாணவர்க்கு அதனைத் தந்தவை ஒரு கல்லூரியும் ஒரு விழாவும் சில நண்பர்களுமே. வேற்றுமொழியையும் வேற்றெழுத்தையும் அஞ்சாது ஏற்ற பாறையொன்று தம் ஊரிலேயே நிற்பதைத் திரியாயின் இளையோர் அறிவர். அதன் அயலிலே அவர்கள் எடுக்கும் படங்களைக் காணவும், அவர்களோடு இருந்து கற்கவும் கடல் கடந்தும் தோழர் வருவாராயின், அது அவ்வூருக்குப் புதிய வழக்கமாகாது.